வியாசர்பாடி பெற்றோர் கூட்டம்: பேச ஆள் வேணும்

குழுவுக்கு வணக்கம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் அங்கன்வாடி டீச்சர்களுக்கும் பெற்றோருக்கும் பாலின அடையாளம் (ஒருத்தர் தன்னை ஆண், பெண்ணுன்னு உள்ளுக்குள்ள உணர்றது) பற்றி ஒரு மணி நேரக் கூட்டம் வைக்கிறோம். விஷயம் தயார், ஆள்தான் வேணும்.

சொல்லப்போறது இது. பெரும்பாலான பிள்ளைங்க ரெண்டு, மூணு வயசுல தன்னை ஆண், பெண்ணுன்னு சொல்ல ஆரம்பிக்கும். ஆனா முடி வளர்த்தா, துணி மாத்தினா ஆளே மாறிடும்னு நம்பும். அது தெளிய ஆறு, ஏழு வயசாகும். அதனால பையன் அக்கா பாவாடையைக் கட்டி ஆடினதை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. 'நான் பையன் இல்ல, பொண்ணு'ன்னோ, 'பொண்ணு இல்ல, பையன்'னோ வருஷக்கணக்கா, விடாம, வேதனையோட சொன்னா அது வேற. பருவ வயசுல உடம்பு மாறும்போது வேதனை கூடலாம். சிலருக்கு அப்பத்தான் முதல்ல புரியும். அடியும் மந்திரிப்பும் அடையாளத்தை மாத்தாது, பிள்ளை மறைக்கத்தான் கத்துக்கும். 'மாத்திக் காட்டுறேன்'னு சொல்ற சிகிச்சையை 2022-ல தேசிய மருத்துவ ஆணையமே தொழில்முறைத் தவறுன்னு அறிவிச்சிருக்கு.

தேவை: குழந்தைகள் மனநலம் தெரிஞ்ச, நம்ம ஏரியா பேச்சுல பேசக்கூடிய ஒருத்தர். விருப்பத்தோட வர்ற ஒரு திருநங்கை அல்லது திருநம்பி (பிறக்கும்போது பெண்ணுன்னு சொல்லப்பட்டு, ஆணா வாழ்றவர்). முப்பது பேர் உட்கார ஃபேன் உள்ள இடம். ஞாயிறு காலை வேணாம், மார்க்கெட்டு, சர்ச்சுன்னு யாரும் வரமாட்டாங்க. சாயங்காலம் நாலு மணி சரி.

யாரையாவது தெரிஞ்சா தனியா மெசேஜ் பண்ணுங்க. அவங்க சம்மதம் இல்லாம பேரை இங்க போட்டுடாதீங்க.