கையை முந்திக்கொண்ட காது: ஐம்பதுக்கு மேல் கிட்டார் கற்ற அனுபவம்

வயதான பிறகு கிட்டார் கற்க ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் விரல் வலியைத்தான் சொல்வார்கள். எனக்கு அது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. தினமும் கொஞ்ச நேரம் வாசித்தால் சில வாரங்களில் விரல் நுனி காய்த்துப்போகும், அப்புறம் தந்தி உறுத்தாது. என்னைச் சோர வைத்தது காது.

வாழ்நாள் முழுக்க நல்ல இசை கேட்டுப் பழகிய காது. தாளம் துளி பிசகினாலும் கண்டுபிடித்துவிடும். கைக்கோ, ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாறவே அவகாசம் வேண்டும் (கார்டு என்பது சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடி; ஜி, சி என்பவை அவற்றின் பெயர்கள்). சின்னப் பிள்ளைகளுக்குக் காதும் கையும் சேர்ந்தே வளர்கின்றன. தந்தியில் ஏதோ ஒரு சத்தம் வந்தாலே அவர்களுக்குச் சந்தோஷம். நமக்கு அப்படியில்லை. நாம் வாசிப்பதில் என்னென்ன குறை என்று அன்றன்றைக்கே தெளிவாகக் கேட்டுவிடுகிறது. புதிதாகத் தொடங்கிய உற்சாகம் இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம். அது வடிந்த பிறகு கிட்டார் உறைக்குள் போய்விடும், எடுக்கவே மனசு வராது. எனக்கு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் எஃப் கார்டும் வந்து சேர்ந்தது. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் முதலாவது) ஆறு தந்தியையும் அழுத்த வேண்டும். இரண்டு தந்தி ஒலிக்கும், மற்றவை 'டப் டப்' என்று செத்த சத்தம் போடும். வயதாகிவிட்டது, இனி நமக்கு வராது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். முடிவுகட்டும் முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுவிட்டு, அதே கார்டை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால், கிட்டாரின் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) தந்தி உட்காரும் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன என்று அர்த்தம். தந்தி உயரமாக நிற்பதால் முதல் ஃப்ரெட்டில் அழுத்த அவ்வளவு பலம் தேவைப்படுகிறது. கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சரிசெய்துவிடுவார். என் கிட்டாரில் இதுதான் நடந்தது. கூடவே 12 கேஜ் தந்தியைக் கழற்றிவிட்டு, அதைவிட மெல்லிய 10 கேஜ் போட்டேன். ஒலியின் கனம் கொஞ்சம் குறைந்தது, கை பிழைத்தது. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. எத்தனை பேர் இந்த இடத்தில் கிட்டாரை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள்!

ஆனால் தந்தியை மாற்றினால் காது திருப்தி அடைந்துவிடுமா? அதற்கு நான் செய்தது, வாசிப்பதைச் சின்னதாக்கிக்கொண்டது. முழுப் பாட்டும் வேண்டாம். இ மைனர், டி என இரண்டே கார்டு, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒரு முறை மேலிருந்து கீழே. கார்டு மாறும்போது விரல் போய்ச் சேராவிட்டாலும் வலது கை நிற்கக் கூடாது. இவ்வளவு எளிதாக்கிக்கொண்டால் சில நாட்களில் அது இசையாகவே ஒலிக்கத் தொடங்கும், கேட்கக் காதுக்கும் பிடிக்கும். எனக்குத் திரும்ப ஆசை வந்தது அந்த இரண்டு கார்டில்தான்.

இன்னொன்று, போனில் பதிவு செய்து வைப்பது. உடனே போட்டுக் கேட்டால் மனம் நொந்துபோகும், வேண்டாம். நாள்கள் கழித்து, புதிய பதிவோடு சேர்த்துக் கேளுங்கள். அன்றாடம் தெரியாத முன்னேற்றம் அப்போது தெரியும். தினப் பயிற்சிக்குக் கால் மணி நேரம் போதும். கிட்டாரை உறையில் பூட்டி வைக்காமல் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

இதைப் படித்த ஒருவரின் பதில்:

காது பற்றி எழுதியிருப்பது அப்படியே என் கதை. எனக்குக் காலையில் விரல் மூட்டுகள் விறைப்பாக இருக்கும் என்பதால் நைலான் தந்தி கிட்டாருக்கு மாறினேன். வாசிப்பது மாலையில்தான். ஆனாலும் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது சலிப்பு தட்டிக்கொண்டே இருந்தது. நன்றாகப் பாடும் தோழி ஒருத்தி வாரம் ஒருமுறை வர ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. அவள் பாடும்போது என் காது அவள் குரலின் பின்னால் போய்விடுகிறது, என் பிழைகளை எண்ண அதற்கு நேரமில்லை. கார்டு தப்பினால் அவள் கண்டுகொள்வதில்லை. தாளம் நின்றால் மட்டும் திரும்பிப் பார்ப்பாள். எஃப் இன்னும் எனக்கு முழுதாக வரவில்லை. கீழே உள்ள நான்கு தந்திகளை மட்டும் மீட்டி, அவற்றில் கடைசித் தந்தியை அழுத்தாமல் திறந்தே விட்டு, எஃப்-க்கு நெருங்கிய எஃப் மேஜர் செவன் கார்டை வாசிக்கிறேன். சி ஸ்கேலில் (சி-யை ஆதார சுரமாகக் கொண்டு) பாடும் பாட்டுகளில் பெரும்பாலும் அது நன்றாகவே ஒட்டிக்கொள்கிறது, அவளும் அதற்கே பாடப் பழகிவிட்டாள்.