2 ஏக்கர் சம்பாவுக்கு உரம் போட்டு மிச்சம் பார்க்க முடியுமா?

வீராணம் கரை:
காட்டுமன்னார்கோவில் பக்கம் 2 ஏக்கர், அதில் ஒன்று குத்தகை. பிபிடி ரக நெல், நேரடி விதைப்பு. போன சம்பாவில் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, இரண்டு மூட்டை யூரியா, எல்லாம் கடைக் கடன். கார்த்திகை மழையில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. வடிந்ததும் பயிர் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பயந்து இன்னும் ஒரு மூட்டை யூரியா வீசினேன். கரும்பச்சையாக எழுந்தது, புகையான் பூச்சியும் வந்தது, கதிர் முற்றும் நேரத்தில் பாதி வயல் சாய்ந்துவிட்டது. கடனை அடைத்தபின் குத்தகை நெல்லுக்கே போதவில்லை. வீட்டில் இந்த வருஷம் உரமே வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?

புவனகிரி சம்பா:
அண்ணே, அடியோடு நிறுத்திவிடாதீர்கள். 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள்தான், அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 20 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோ தழைச்சத்துக்கு 10 கிலோ நெல் கூடினாலே 200 கிலோ ஆயிற்று, மூட்டை விலைக்கு 12 கிலோ நெல் போதும். ஆனால் இந்தக் கணக்கு முதல் மூட்டைக்குத்தான். மூன்றாவது மூட்டை நெல்லாக மாறாது, புகையானுக்குத்தான் தீனி. டிஏபி 1,350 ரூபாய், கடனில் எடுத்தால் வட்டியும் சேரும், அதனால் மண் பரிசோதனையில் அது தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். யூரியா வேண்டுமானால் இன்னொரு டப்பாவும் எடு என்று கடையில் தலையில் கட்டுவார்கள், எனக்கும் கட்டினார்கள், அதையும் உரச் செலவில் எழுதுங்கள்.

முந்திரித் தோப்பு:
கென்யாவில் ஏழை மக்காச்சோள விவசாயிகளின் வயலிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள், 2019இல் பொருளாதார நோபல் வாங்கிய டூஃப்லோவும் கிரெமரும் அந்த ஆய்வில் இருந்தார்கள். செடி முட்டளவு வந்ததும் குழிக்கு அரை டீஸ்பூன் மேலுரம் மட்டும் போட்டவர்களுக்கு நல்ல லாபம், அரசு சொன்ன முழு அளவைப் போட்டவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இன்னொன்று, அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதே உரத்துக்குப் பணம் கட்டவைத்தால் வாங்குபவர்கள் கூடினார்கள். நமக்கும் தை மாதம் நெல் விற்ற காசில் அடுத்த சம்பாவுக்கு 2,000 ரூபாய் தனியாக எடுத்துவைத்தால் கடைக்காரரிடம் நிற்க வேண்டாம்.

சேத்தியாத்தோப்பு:
தம்பி, நீங்கள் இழந்தது தண்ணீர் நின்ற அந்த வாரத்தில். வெள்ளம் வடிந்ததும் வெறும் யூரியாவை வீசாதீர்கள். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் ஓர் இரவு கலந்து வைத்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தெளியுங்கள். வேளாண்துறை சொல்வதும் இதுதான், நான் இரண்டு வருஷம் செய்தேன், வேர் வெள்ளையாகத் திரும்ப வந்தது. அப்புறம் இலை வண்ண அட்டை, இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்து தேவையா என்று பார்க்கும் அட்டை. காலையில், உங்கள் நிழல் விழும்படி நின்று, நன்றாக விரிந்த மேல் இலையை அட்டையில் வைத்துப் பாருங்கள், பத்து இலையில் ஆறு, உங்கள் ரகத்துக்குச் சொன்ன அட்டை நிறத்தைவிட வெளுத்திருந்தால்தான் மேலுரம்.

வீராணம் கரை:
மூன்று பேருக்கும் நன்றி. அட்டை எங்கே கிடைக்கும்?

சேத்தியாத்தோப்பு:
விருத்தாசலம் கேவிகேயில் (வேளாண் அறிவியல் நிலையம்) கேளுங்கள். போகும்போது மண்ணையும் எடுத்துப் போங்கள், சொந்த ஏக்கர் தனிப் பை, குத்தகை ஏக்கர் தனிப் பை.