மாநிற முகத்துக்குப் பிரான்சர் பவுடர்: நம் டெல்டாப் பெண்களின் அனுபவம்

கும்பகோணம்:
மணப்பெண் அலங்காரம் என் தொழில். பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி என்று முகூர்த்த நாள்களில் விடியும் முன்பே கிளம்பிவிடுவேன். பெட்டியிலிருந்து பிரான்சர் என்ற செம்பழுப்பு முகப் பவுடரை எடுத்தாலே பெண்ணின் அத்தையோ சித்தியோ பதறிவிடுகிறார்கள். “இருக்கிற கறுப்பு போதாதா? வெள்ளையாகக் காட்டுங்கள் அம்மா!” ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது. வெளிறிய பவுண்டேஷனை அப்பி, முகம் ஒரு நிறம், மாலையைப் பிடித்த கை ஒரு நிறம் என்று எத்தனை கல்யாணப் படங்கள்! அந்தப் பெண்ணின் சொந்த நிறத்துக்கு என்ன குறை?

பவுண்டேஷன் போட்டதும் முகம் முழுக்க ஒரே சீராகிவிடும். கன்னத்திலும் நெற்றியோரத்திலும் இயல்பாக இருக்கும் செம்மை மறைந்துவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவரத்தான் பிரான்சர். கான்டூர் பவுடர் வேறு. அது சாம்பல் சாயல் கொண்ட பழுப்பு, கன்னத்துக்குக் கீழே நிழல் காட்டுவதற்கானது. பிரான்சர் செம்மை கலந்த பழுப்பு, வெயில் படும் மேடுகளுக்கானது. இரண்டையும் மாற்றிப் போட்டால் முகம் வாடிப்போனதாகத் தெரியும்.

வெளிர் நிறத்தவருக்காகச் செய்த பவுடரை நம் தோலில் தடவினால் சாம்பல் பூத்துவிடும். அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பெரும்பாலும் இதற்குக் காரணம். ஆரஞ்சு தூக்கலான பவுடரும் வேண்டாம். மஞ்சள் பூசிக் குளிக்கும் முகத்தில் அது துருத்திக்கொண்டு நிற்கும். மாநிறத்துக்குச் செம்பழுப்பும் நல்ல கறுப்பு நிறத்துக்குச் செங்கல் சாயல் கொண்ட ஆழ்ந்த பழுப்பும் பொருந்துகின்றன. தோலைவிட ஒன்றிரண்டு படி ஆழ்ந்திருந்தால் போதும். மினுமினுப்பு இல்லாத மேட் வகையையே எடுங்கள். கடையின் டியூப் லைட்டில், அதுவும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தாடையோரத்தில் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள்.

நாகப்பட்டினம்:
கும்பகோணம் அக்கா சொன்ன சாம்பல் விஷயம் எனக்கு நேர்ந்தது. இங்கே ஒரு கடையில் விற்பனைப் பெண், “இதுதான் எல்லாருக்கும் போகிறது” என்று ஒரே ஒரு நிறத்தைத்தான் காட்டினார். தடவிய இடம் விபூதி பூசியது போல இருந்தது. ஆழ்ந்த நிறம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதை யாரும் கேட்பதில்லை என்றார். கேட்பவள் எதிரிலேயே நிற்கிறேன்! பிறகு தஞ்சாவூரில் வேறு கடையில்தான் கிடைத்தது.

அக்கா, எங்கள் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் பஸ் ஏறி இறங்குவதற்குள் பவுடர் திட்டுத் திட்டாகிவிடுகிறதே, என்ன செய்வது?

கும்பகோணம்:
வியர்வை மேல் பவுடர் போட்டால் திட்டுதான் தங்கை. முதலில் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பவுண்டேஷன் ஈரம் அடங்கியதும் நிறமற்ற பவுடரை மெல்லிதாக ஒரு பூச்சு, அதன் மேல்தான் பிரான்சர். பிரஷ் பெரிதாக, முடி நெருக்கமில்லாமல், மிருதுவாக இருக்க வேண்டும். நுனியை மட்டும் பவுடரில் ஒற்றி, பிரஷ் காம்பை மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், மிகுதி உதிர்ந்துவிடும். நெற்றியோரத்தில் தொடங்கிக் கன்னமேட்டுக்கு வந்து, திரும்பவும் காதோரம் போய்த் தாடைக்கு இறங்குங்கள். பக்கவாட்டில் 3 போட்டது மாதிரி வரும். பிரஷில் மிஞ்சியதை மூக்குத்தண்டில் ஒருமுறை இழுத்தால் போதும். முதல் சுற்றிலேயே நிறம் தெரிய வேண்டும் என்று அவசரப்படக் கூடாது. மெல்லிய பூச்சாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

திருவாரூர்:
கல்லூரிக்குத் தினமும் போகிறவள் நான். பவுண்டேஷனே போடுவதில்லை. சன்ஸ்கிரீன் தோலில் ஊறிய பிறகு, கன்னமேட்டில் மட்டும் பிரான்சர். போட்டிருப்பது பக்கத்து இருக்கைத் தோழிக்குக்கூடத் தெரியவில்லை. அதுதான் எனக்கு வேண்டும்.

தஞ்சாவூர்:
பரதம் ஆடுகிறேன். சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி மேடைகளுக்கு முகத்தை எடுப்பாக வரைந்தே தீர வேண்டும். தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகபாவம் தெரிய வேண்டுமே. அதே ஒப்பனையோடு வளைகாப்புக்குப் போனால் எடுபடாது. மினுக்கும் பிரான்சரை மேடையோடு நிறுத்திக்கொள்கிறேன். பகலில் அது வியர்வை போலவே மினுங்குகிறது, போன் வெளிச்சத்தில் இன்னும் மோசம். கூடுதலாகிவிட்டால் எப்படிக் குறைப்பது அக்கா?

கும்பகோணம்:
ஈரத் துணியால் துடைக்காதீர்கள், அடியில் இருப்பதும் சேர்ந்து கிளம்பிவிடும். பவுடர் தொடாத சுத்தமான பிரஷால் விளிம்புகளை வட்டமாகக் கலைத்துவிடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் நிறமற்ற பவுடர் கொஞ்சம். தாடைக்குக் கீழே கழுத்திலும் பிரஷை லேசாக ஓட்டுங்கள். கழுத்தில் அட்டிகை இருந்தால் அதைப் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். கல் இடுக்கில் பவுடர் புகுந்தால் எடுப்பது பெரும்பாடு.