புதுப்பிப்பு: ஹட்டன் கணினி நிலையத்தில் தரவைத் தின்றது எது?

தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் எங்கள் ஹட்டன் கணினி நிலையத்தில் இணையத் தரவு மாத நடுவிலேயே தீர்ந்துபோகிறது. வழக்கத்துக்கு மாறான இணையப் போக்குவரத்தைச் செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிந்தது!

பழைய கணினியொன்றில் லினக்ஸ் நிறுவி, சுவிட்சின் மிரர் போர்ட்டில் (கடந்துபோகும் தரவின் நகல் வந்துசேரும் துளை) இணைத்து, வலையமைப்பைக் கண்காணிக்கும் ஸீக் மென்பொருளை ஓடவிட்டேன். அது ஒவ்வோர் இணைப்பையும் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுகளைப் பைதான் நிரல்மொழியில் ஐசோலேஷன் ஃபாரஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு முறைக்குக் கொடுத்தேன். 2008இல் வெளிவந்த இம்முறை தரவைத் தற்போக்காக வெட்டிக்கொண்டே போகும். கூட்டத்தோடு ஒட்டாதது சில வெட்டுகளிலேயே தனித்துவிடும். எது தாக்குதல் என்று முன்கூட்டியே குறித்துக் கற்பிக்க வேண்டியதில்லை. நம்மைப் போன்ற சிறிய இடங்களுக்கு இது பெரிய வரம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இணைப்புகளைத் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். கருவிவாரியாக, மணிவாரியாகத் தொகுத்து, அனுப்பிய பைட்டுகள், தொடர்புகொண்ட முகவரிகளின் எண்ணிக்கை, இணைப்புகளுக்கு இடையிலான நேரம் ஆகியவற்றைக் கொடுங்கள். அப்படிச் செய்ததும் பட்டியலின் உச்சியில் வந்து நின்றது சிசிடிவி பதிவுக் கருவி! நிலையத்தைப் பூட்டிய பிறகும், நடுநிசியில் முன்பின் தெரியாத முகவரிகளின் 23ஆம் போர்ட்டை (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் டெல்நெட் வாசல்) வரிசையாகத் தட்டிக்கொண்டும், ஏராளமான தரவை வெளியே தள்ளிக்கொண்டும் இருந்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல் இத்தகைய கருவிகளில் பரவியதும் இப்படித்தான். கருவியை ஆரம்ப நிலைக்கு மீட்டு, கடவுச்சொல்லை மாற்றி, வெளி இணையத்திலிருந்து துண்டித்துவிட்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள்களைப் பதிவிறக்கும்போது இன்னமும் வீண் எச்சரிக்கை வருகிறது. பரீட்சைக் காலத் தரவையும் சேர்த்து மறுபடி பயிற்றுவிக்கப் போகிறேன். நிரல் வேண்டுமென்று கேட்ட ஆசிரியர்களுக்கு அதன்பின் அனுப்பிவைக்கிறேன்.