லாச்சிக் காசும் வீட்டுச் சாமானும்: எடுப்பனவை எழுதுற விதம்

கிளிநொச்சி, பலசரக்குக் கடை

கடைக்காரர் தன்ர வீட்டுத் தேவைக்குக் கடையிலயிருந்து எடுக்கிற காசும் சாமானும்தான் எடுப்பனவு. காசு எடுத்தால் எழுதுவினம். ரெண்டு கிலோ சீனியும் ஒரு சவர்க்காரமும் வீட்டுக்குப் போனால் ஆரும் எழுதமாட்டினம். ஓட்டை அங்கைதான். 5,000 ரூபாய்க்கு வாங்கின அரிசிப் பையை 5,500க்கு விக்கிறனீங்கள் எண்டு வையுங்கோ. வீட்டுக்குப் போன பையை 5,000 எண்டுதான் போட வேணும்: எடுப்பனவுக் கணக்கு வரவுப் பக்கம் (debit), கொள்வனவுக் கணக்கு செலவுப் பக்கம் (credit). எழுதாமல் விட்டால், இருப்பு எண்ணேக்க பை இராது. விற்ற சாமானின்ர கிரயம் 5,000 கூடும், மொத்த இலாபம் அவ்வளவு குறையும். கடைசியில கடைப் பொடியனைத்தான் சந்தேகிப்பினம்.

மல்லாவி, மோட்டார்சைக்கிள் திருத்தகம்

சொந்தத்துக்கு எடுத்த சாமானை விற்கிற விலையில போடுற ஆக்களும் இருக்கினம். அது தன்னட்டைத் தானே லாபம் எடுக்கிற கதை. சொந்த வண்டிக்குப் பூட்டின டயருக்கும் ஒயிலுக்கும் வாங்கின விலைதான்.

புதுக்குடியிருப்பு, புடவைக்கடை

ஒவ்வொரு நாளும் பூட்டேக்க ஒருக்காக் கூட்டிப் பாருங்கோ. காலமை லாச்சியில 5,000, காசு விற்பனை 38,400, பழைய கடன் வந்தது 3,200, சாமான்காரனுக்குக் குடுத்தது 22,000. கையில 24,600 நிக்க வேணும். எண்ணினால் 22,900. குறையிற 1,700ஐ உடனை எடுப்பனவு எண்டு எழுதிப்போடாதேங்கோ. முதலில கடன் கொப்பியைப் பாருங்கோ. கடனுக்குக் குடுத்ததைக் காசு விற்பனையில சேர்த்திருப்பியள். தேடியும் பிடிபடாவிட்டால் 'காசுக் குறைவு' எண்டு தனியாப் போடுங்கோ. எடுக்கிற நேரமே துண்டு எழுதி லாச்சிக்குள்ள போட்டால் இந்த வில்லங்கம் அரைவாசி இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்திக்கு எடுத்த காசும் எடுப்பனவுதான். விளம்பரச் செலவில தள்ளாதேங்கோ.

முத்தையன்கட்டு, நெற்செய்கை

வயல்காரர் குழம்புறது மூட்டைக் கணக்கில. சாப்பாட்டுக்கு வைச்ச மூட்டை எடுப்பனவு. அடுத்த போகத்துக்கு வைச்ச விதைநெல் எடுப்பனவில்லை, அது இருப்பு. கூலிக்கு நெல்லாக் குடுத்தால் அது கூலிச் செலவு. மூண்டையும் ஒண்டாக் கழிச்சால் காலபோகம் நட்டமாத்தான் தெரியும். சாப்பாட்டு நெல்லுக்கு அறுவடை நேரத்து உள்ளூர் விலையைப் போட்டு, ஒவ்வொரு போகமும் அதே முறையில போங்கோ.

வவுனியா, கணக்கெழுதுநர்

தனி முயற்சியாளர் தனக்குத் தானே 'சம்பளம்' எழுதுவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. அது செலவல்ல, எடுப்பனவு. வரி எடுத்த காசுக்கு இல்லை, இலாபத்துக்கு; 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டமும் வீட்டுச் செலவைக் கழிக்க விடாது. மார்ச் 31இல் எடுப்பனவுக் கணக்கை மூலதனத்துக்கு மாற்றி மூடுங்கள்: மூலதனம் வரவுப் பக்கம், எடுப்பனவு செலவுப் பக்கம்.

புத்தகம் ஒழுங்கில்லாதவர்களுக்கு எடுப்பனவுத் தொகை இன்னும் முக்கியம்; அவர்களின் இலாபத்தை மூலதனம் மாறியதை வைத்துத்தான் கணிக்க வேண்டும். தொடக்க மூலதனம் 480,000, முடிவில் 510,000. இடையில் வெளிநாட்டுச் சகோதரர் அனுப்பிக் கடையில் போட்டது 50,000, வீட்டுக்கு எடுத்தது 396,000. இலாபம்: 510,000 − 480,000 − 50,000 + 396,000 = 376,000. எடுப்பனவை மறந்தால் இதே கடை 20,000 நட்டம் காட்டும். அந்தத் தாளோடு வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் பதில் தெரிந்ததுதானே.

மாங்குளம், தையல் நிலையம்

சீட்டுக் காசையும் சேருங்கோ. வீட்டுத் தேவைக்குப் பிடிச்ச சீட்டு எண்டால் கட்டுற ஒவ்வொரு தவணையும் எடுப்பனவு. எடுத்த சீட்டைப் பிறகு கடையில போட்டால் மூலதனம், விற்பனை இல்லை. கடைக்கெண்டு பிடிச்சதெண்டால் கட்டின காசு சொத்து. கடையின்ர பேரில கடன் எடுத்து வீட்டுக் கூரைக்குக் குடுத்தால் அந்தத் தொகை எடுப்பனவு, அந்தப் பங்குக்கு வாற வட்டியும் அப்பிடித்தான். கடன் 200,000, கூரைக்கு 150,000 எண்டால் வட்டியில கால்வாசிதான் கடைச் செலவு.