காலையில் சாறு அடித்துக் குடித்தவர்கள், மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

கிளிநொச்சி மகள்:
ஒரு பீற்றூட், இரண்டு கரட், சுண்டுவிரல் நக அளவு இஞ்சி, கடைசியில் பாதித் தேசிக்காய். பிளெண்டரில் அடித்து வடித்து அம்மாவுக்குக் காலையில் கொடுத்து வந்தேன். மூன்றாம் நாள் விடிய ஒரு சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் அம்மா கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நிற்கிறார். "எனக்கும் வந்திட்டுது பிள்ளை, சிவப்பாய்ப் போகுது." அப்பாவைச் சிறுநீரக நோய்க்குத்தான் பறிகொடுத்தோம், அதனால் எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போன வழி முழுக்க அவர் என் மணிக்கட்டை விடவேயில்லை, இறங்கும்போது நாலு விரலும் பதிந்து கிடந்தன. அங்கே தாதி கேட்ட முதல் கேள்வியே "அம்மா, பீற்றூட் சாப்பிட்டீங்களா?" சோதித்தார்கள், இரத்தம் இல்லை. அதன் சாயம் 100 பேரில் 10 முதல் 14 பேருக்கு இப்படிச் சிறுநீரில் வெளியேறுமாம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாமே என்பதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

முத்தையன்கட்டு:
எனக்குப் பப்பாசி. அருவி வெட்டு நேரம், இவர் விடிய நாலு மணிக்கே வயலுக்கு இறங்கிவிடுவார், அதனால் இரவே கனிந்த பழத்தைக் காய்ச்சிய பசுப்பாலோடு அடித்துப் பிரிட்ஜில் வைத்துவிட்டேன். பெரிய கிளாஸ் நிறையக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மிச்சத்தை நான் வாயில் வைத்தால் வேப்பிலைக் கைப்பு! பப்பாசியில் உள்ள நொதியம் பாலின் புரதத்தை உடைப்பதால் நேரம் போகப் போகக் கைக்குமாம், பிறகுதான் தெரிந்தது. பின்னேரம் "ஏனப்பா குடிச்சனீங்கள்?" என்று கேட்டேன். "நீ இரவு பத்து மணிக்கு நின்று அடிச்சதைக் கண்டனான்" என்றார்.

வவுனியா அண்ணன்:
கிளிநொச்சித் தங்கச்சி, சாயம்தானே என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறுநீரக நோய் எங்கள் பக்கத்திலும் பல வீடுகளில் இருக்கிறது. என் தம்பி கிளினிக் நோயாளி, உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்தேன், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, உடனே நிறுத்தச் சொன்னார்கள். பீற்றூட்டிலும் தோடம்பழத்திலும் அது நிறைய இருக்கிறது, ஆகவே வீட்டில் சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீங்கள். மற்றது, ஏன் வடிக்கிறீங்கள்? சக்கையில்தான் நார் இருக்கிறது. வடித்தால் பெரும்பாலும் இனிப்பும் தண்ணீரும்தான் மிச்சம், நீரிழிவுக்காரருக்குச் சீனி சட்டென்று ஏறும். நாலு தோடம்பழத்தை ஒரே இருப்பில் உரித்துத் தின்பவர் எத்தனை பேர்? சாறாக்கினால் நாலு மடக்கில் முடிந்துவிடும். கரட்டோடு ஒரு தேங்காய்ச் சொட்டையும் போட்டு அடியுங்கள், கொழுப்போடு போனால்தான் அதன் சத்து நன்றாக உடம்பில் சேரும். மண்ணுக்குள் விளைந்ததைத் தேய்த்துக் கழுவித் தோலைச் சீவுங்கள். சீனி வேண்டவே வேண்டாம்.

கிளிநொச்சி மகள்:
அண்ணா, நோய் இருந்தது அப்பாவுக்கு. அம்மாவுக்கு அன்றைக்கே இரத்தமும் பார்த்தார்கள், ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் பீற்றூட்டை விட்டுவிட்டேன், இப்போது வெள்ளரிக்காயும் கொஞ்சம் வல்லாரையும்தான். கிளாஸைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "இதுக்கு என்ன நிறத்திலை பிள்ளை போகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்.