பழுதான செட்டாப் பாக்ஸில் அப்பாவின் பதிவு: மீட்க வழி உண்டா?

பாம்பன் ஆசாரி மகன்:
அப்பா வல்லம் என்ற மரப்படகு கட்டுகிற ஆசாரி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஏராக்கட்டையை, அதாவது படகின் அடிமரத்தை, தட்டித் தட்டிக் காட்டி மரம் பார்க்கும் விதத்தைச் சொன்னார். பதிவு வசதியுள்ள டிடிஎச் பெட்டியில் பிடித்து வைத்திருந்தோம். இப்போது அப்பா இல்லை. மழைக்காலத்தோடு பெட்டியும் நின்றுவிட்டது, விளக்கே எரியவில்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினால் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. அவர் குரல் இருக்கிற ஒரே பதிவு இதுதான். என்ன செய்யலாம்?

மண்டபம் டிவி மெக்கானிக்:
தம்பி, ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள். டிஸ்க் கெட்டிருக்காது, கணினிக்கு அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். கட்டண டிடிஎச் பெட்டி எதைப் பதிவு செய்தாலும் பூட்டித்தான் எழுதும். சாவி அந்தப் பெட்டியின் மெயின் போர்டிலும் சந்தா கார்டிலும் இருக்கிறது. அதே மாடலில் வேறு பெட்டி வாங்கி மாட்டினாலும் திறக்காது.

விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் பவர் சப்ளைதான். உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். கண்டன்சர்களின் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் சிறு உருளைகள்) தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் மின்சாரம் நிற்கும். பெட்டி ஓடத் தொடங்கியதும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர் வழியாக லேப்டாப்பில் பிடித்துவிடுங்கள். எச்டிஎம்ஐ வேண்டாம், அதில் நகல் தடை உண்டு. சந்தாவையும் விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பூட்டு எனக்குப் பொறுக்கவே இல்லை. 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியதும் நம் கரையில் வீட்டுக்கு வீடு உயரமான குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினோம். காற்றில்லாத வெயில் கால மாலைகளில், குளிர்ந்த கடலுக்கு மேல் சூடான காற்று படிந்திருக்கும்போது, அலை வளைந்து வந்து படம் கண்ணாடி போலத் தெரியும். அதை விஎச்எஸ் கேசட்டில் பிடித்தால் எந்த வீட்டு டெக்கிலும் ஓடும். பூஞ்சை பிடிக்கும், துடைத்து ஓட்டினோம். 1995இல் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் கோபுரம் எழும்பியது. அதன்பின் தூர்தர்ஷன் படத்துக்குக் குறையே இருக்கவில்லை. அப்போதும் பிடித்தது பிடித்தவனுக்கே சொந்தமாக இருந்தது. தெளிவு கூடிய காலத்தில் அந்த உரிமை போய்விட்டது. ஒரு குடும்பத்தின் குரலை ஒரு சர்க்யூட் போர்டின் ஆயுளோடு கட்டிப்போடுவது நியாயமே இல்லை.

உச்சிப்புளி வாசகர்:
இனிமேல் பதிவு செய்பவர்களுக்கு: தூர்தர்ஷனின் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாத சேனல்களை யுஎஸ்பி பதிவு வசதியுள்ள பெட்டியில் பிடியுங்கள். அந்தக் கோப்பு கணினியிலும் ஓடும். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி ஆகும். பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற ஃபார்மேட் முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நீண்ட கச்சேரி துண்டு துண்டாக விழும். மழை கொட்டும்போது டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் செயற்கைக்கோள் சிக்னல் அறுந்து பதிவும் நின்றுபோகும். மார்கழி, புயல் மாதங்களில் மறுஒளிபரப்பையும் சேர்த்துப் பிடித்து வையுங்கள்.

பாம்பன் ஆசாரி மகன்:
மூடியைத் திறந்து பார்த்தேன், அண்ணா. பவர் போர்டில் இரண்டு கண்டன்சர்கள் உப்பியிருக்கின்றன. மெயின் போர்டில் உப்பு அரித்த பச்சைக் கறை ஏதும் இல்லை. ராமநாதபுரத்தில் மாற்றிக்கொள்ளலாமா?

மண்டபம் டிவி மெக்கானிக்:
தாராளமாக. அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி கூடுதல், 105 டிகிரி தாங்குகிற ரகமாகக் கேளுங்கள். வேலை முடியும்வரை டிஸ்கைப் பெட்டியில் மாட்டாதீர்கள். வோல்டேஜ் சரியாக வருகிறது என்று மீட்டரில் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.